இராச் சமையலுக்கு மூன்று விளக்குகள்

எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்த ஓசை பெரிதாக ஒன்றுமில்லை. எவர்சில்வர் கிண்ணம் சமையல் மேடையின் மேல் ஒருமுறை சுழன்று அடங்கியது. அதன் பிறகு வந்த அமைதிதான் என்னை முன்னறையிலிருந்து எழுந்து ஓட வைத்தது.

என் கணவர் ஜெயராஜ் அடுப்பின் முன்னால் அசையாமல் நின்றிருந்தார். தோசைக்கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. மேடையின் விளிம்பிலிருந்து நல்லெண்ணெய் நூலாக இறங்கி அவருடைய இடது பாதத்தின் அருகே தேங்கியது. அடுப்புத் தீக்கும் அந்த எண்ணெய்க்கும் இடையில் ஒரு சாண் தூரம் இருந்திருக்கும்.

"அசையாதீங்க, வழுக்கிரும்," என்றேன்.

"கிண்ணம் அங்க இருந்தது தெரியல எஸ்தரு. வெளிச்சம் பத்தல."

அந்தக் கடைசி வார்த்தைகளை நான் எவ்வளவு நன்றியோடு பற்றிக்கொண்டேன் என்பதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

"ஆமாங்க, அந்தக் கூரைக் கண்ணாடி வந்ததுல இருந்தே ராத்திரில இருட்டாத்தான் இருக்கு. லைட்டை மாத்திருவோம்," என்று சொல்லிவிட்டு, பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். இரண்டு முறை சோப்புத்தூள் போட்டுத் துடைத்த பிறகும் என் விரல்களில் எள்ளின் வாசம் இருந்தது.

அது கோடையின் நடுப்பகுதி. அடுத்த மழைக்காலம் முடியும்வரை நாங்கள் விளக்கை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

இரண்டு சுவர்களுக்கு நடுவே

விளாங்குடியில் நாங்கள் வீடு கட்டிய மனை, அகலம் குறைந்து நீளம் கூடியது என்று இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். முன்னறை, படுக்கையறை, நடுவில் சமையலறை, அதற்குப் பின்னால் குளியலறை என்று ரயில்பெட்டி போல வரிசையாக அறைகள். சமையலறைக்கு இருந்த ஒரே சன்னல் பக்கத்து மனையைப் பார்த்தது. அந்த மனையில் வீடு வந்தது. பிறகு அதன்மேல் மாடியும் வந்தது. சன்னலைத் திறந்தால் பூசாத செங்கல் கைக்கு எட்டும்.

பகலிலும் விளக்குப் போட்டுச் சமைத்த சில ஆண்டுகளுக்குப் பிறகு, கூரையின் நடுவில் சதுரமாக வெட்டி, கைப்பிடிச் சுவர் போல நாலு பக்கமும் கட்டி உயர்த்தி, அதன்மேல் தடித்த கண்ணாடி பதித்தோம். கொத்தனார் அதைத் திறந்துவைத்த காலையை நான் மறக்கமாட்டேன். அடுப்படியில் வெயில் விழுந்தது. கடுகு டப்பாவின் மூடியில் இருந்த பிசுக்கு முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. நான் வெட்கப்பட்டு அன்றைக்கே எல்லா டப்பாக்களையும் கழுவினேன்.

அதன் பிறகு காலைப்பொழுது எனக்குத் திருவிழாவாயிற்று. ஒரு துண்டு வெயில் தண்ணீர்க் குடத்தில் தொடங்கி, அம்மியைத் தொட்டு, மத்தியானத்தில் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஏறும். பச்சைக் கொத்தமல்லியை ஆய்வதற்கு விளக்கே தேவையில்லை.

ஆனால் காலைச் சமையல் மட்டுமே என்னுடையது. நான் பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள். சிறப்பு வகுப்புகள் முடித்து, ஆரப்பாளையத்தில் பஸ் மாறி வீடு வந்து சேர ஏழு மணியாகும். அவர் வேலை பார்த்த அலுவலகம் ஐந்தரைக்கே மூடிவிடும். எங்கள் மகள் ஷீபா சிறுமியாக இருந்த நாளிலிருந்தே இரவுச் சமையல் அவருடையதாயிற்று. இருவரும் ஓய்வு பெற்ற பின்னும் அந்த ஏற்பாட்டை நாங்கள் மாற்றவில்லை.

ஆகவே, பகலில் பொங்கி வழியும் அந்த வெளிச்சம் என்னுடையது. இரவில் அதே இடத்தில் கறுப்பாக நிற்கும் கண்ணாடி அவருடையது. அதன் கீழ் நான் ஒருநாளும் கத்தியைப் பிடித்து நின்றதில்லை.

பாடம் நடத்தியவளின் பிழை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒளியின் எதிரொளிப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். என் வீட்டுக் கூரையில் நடந்ததை நான் கவனிக்கவில்லை.

முன்பு கூரையின் நடுவில் குழல்விளக்கு இருந்தது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கூரை அதன் ஒளியை அறை முழுவதும் திருப்பி அனுப்பியது. கண்ணாடி பதித்தபோது குழல்விளக்கைக் கழற்றிப் பின்சுவரில் கதவுக்கு மேலே மாட்டிவிட்டோம். எங்கள் அடுப்பு கிழக்குப் பார்த்தது. கிழக்கே பார்த்து நிற்பவருடைய முதுகில்தான் வெளிச்சம் விழும். அவருடைய நிழல், தோசைக்கல்லையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் சேர்த்து மூடிவிடும்.

வெள்ளைக் கூரை இருந்த இடத்தில் இப்போது கறுப்புச் சதுரம். ஒளியில் பெரும்பகுதி அதன் வழியாக வெளியே போய்விடும். பக்கத்து வீட்டுத் தனம் மொட்டைமாடியிலிருந்து ஒருநாள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"டீச்சர், உங்க வீட்டு லைட்டுல எங்க வீட்டுத் துணி காயுது. கரண்ட் பில்லுல பாதிய நான் கட்டவா?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

எண்ணெய் கவிழ்ந்த மறுநாள் காலண்டர்த் தாளின் பின்புறத்தில் கதிர்ப்படம் வரைந்து பார்த்தேன். இத்தனை தெளிவான காரணம் கிடைத்ததும் மனம் இலேசாயிற்று. குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. அது சுவரில் இருந்தது, விளக்கில் இருந்தது, கண்ணாடியில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

முதல் விளக்கும் இரண்டாம் விளக்கும்

மின்வேலைக்குப் பாண்டி வந்தார். ஆரப்பாளையத்தில் சிறிய கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர். அவருடைய இரண்டு பெண்களும் என்னிடம் படித்தவர்கள் என்பதால் என் வீட்டு வேலைக்கு வரும்போது மட்டும் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிடுவார்.

"இதுக்கு எதுக்கு டீச்சர் படமெல்லாம்? கண்ணாடிக்கு நடுவுல கம்பி விட்டு ஒரு பெரிய பல்பைத் தொங்க விட்டா முடிஞ்சது."

தொங்கவிட்டார். அன்று மாலை இருட்டியதும் விளக்கைப் போட்டோம். பல்பு ஒன்று கீழே எரிந்தது, அதன் பிம்பம் ஒன்று கண்ணாடிக்குள் எரிந்தது. இரண்டுக்கும் இடையில் பூச்சிகள் சுற்றின. அவற்றைத் தேடிப் பல்லி வந்தது.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு வாரம் சமைத்தார். தக்காளியை நறுக்கும்போது அடிக்கடி கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டார். ஒருநாள் உளுந்தம்மாவைக் கிண்ணத்தில் ஊற்றுவதாக நினைத்து மேடையில் ஊற்றினார்.

"கண்ணு கூசுது," என்றார்.

"பல்பு அப்படி," என்றேன்.

இரண்டாவது, கண்ணாடியின் உட்சுவரைச் சுற்றிலும் பட்டையாக ஒட்டிய விளக்கு. பல்பு கண்ணில் படாது, ஒளி மட்டும் பரவும் என்பது கணக்கு. ஒளி மேல்நோக்கிப் பரவியது.

"என்ன டீச்சர், வீட்ல ஏதும் விசேஷமா? கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது," என்று தனம் மாடியிலிருந்து கேட்டாள்.

கீழே, அடுப்பருகில், அவர் மிளகாய்த்தூள் டப்பாவை இடது கையால் தேடிக்கொண்டிருந்தார். அது இருந்த இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் கை போயிற்று. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். எடுத்துக் கொடுக்க நினைத்தேன். எடுத்துக் கொடுத்தால் நான் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். திரும்பி முன்னறைக்குப் போய் உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஷீபா ஞாயிறுதோறும் பேசுவாள். "அப்பாவுக்குக் கண்ணைக் காட்டுனீங்களா இல்லியாம்மா?" என்று கேட்பாள்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லடி. லைட்டுதான் சரியா அமையல. பாண்டி அடுத்த வாரம் வாராரு."

"எத்தனை வாரம்மா பாண்டி வருவாரு? கண்ணு தெரியலன்னா சொல்லுங்க, இங்க வந்திருங்க ரெண்டு பேரும்."

அவள் வீடு எட்டாவது மாடியில் இருக்கிறது. அங்கே சமையலுக்கு ஓர் அம்மாள் வருகிறார். அந்தச் சமையலறையில் ஜெயராஜ் நின்றால் விருந்தாளியாகத்தான் நிற்க முடியும். அதை நினைத்ததும் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

பொடி எழுத்து

நான் முழுப் பொய் சொல்லவில்லை. என்னிடம் ஓர் ஆதாரம் இருந்தது.

எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் உண்டு. பாட்டுப் புத்தகத்தின் எழுத்து அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அதை ஒருவர் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டால் அவருடைய கண் நன்றாக இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு அதைவிடப் பெரிய கண் பரிசோதனை தெரியாது. வயதானவர்களைப் பற்றிப் பேசும்போது, "இன்னும் பொடி எழுத்து வாசிக்கிறாக," என்று பெருமையாகச் சொல்வோம்.

ஜெயராஜ் பொடி எழுத்தை வாசித்தார். ஒவ்வொரு மாலையும், ஒரு சொல் தவறாமல் வாசித்தார். நான் கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வரியின் முடிவைச் சரியாகத் தொட்டதும் மூச்சு விடுவேன்.

என் மாமனாரும் வாசித்தார். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் மருமகளாக வந்த காலத்தில் அவர் கம்பீரமான மனிதர். மிஷன் பள்ளி ஆசிரியர். ஞாயிறு ஆராதனையில், கோயிலில் வேதம் வாசிப்பதற்கு அவரைத்தான் அழைப்பார்கள். ஆனால் வீட்டில் நடக்கும்போது நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டே இருப்பார். எப்போதும் ஒரே தோள்.

"நிலை அது பாட்டுக்கு நிக்கிது. நீங்க ஏன் அதுகிட்டப் போயி வம்பு வளக்குறீங்க?" என்பார் மாமியார்.

வீடே சிரிக்கும். மாமனாரும் சிரிப்பார். அவசரக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். பொடி எழுத்து வாசிக்கிற மனிதருக்குக் கண்ணில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு ஞாயிறு, கோயிலில், பாதி வரியில் நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது என்றார்கள். மீதி ஆண்டுகளை இருட்டில் இருந்தார். அந்த ஆண்டுகளில் அவருக்குத் தட்டு வைத்தவர் என் கணவர்தான். சோற்றைப் பிசைந்து வைத்து, அருகில் அமர்ந்து, எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் திசை சொல்வது போல, தட்டுக்கும் திசை சொல்வார்.

"பொரியல் வடக்க இருக்குப்பா. ஊறுகா தெக்க. அப்பளம் கெழக்க ஓரமா."

மாமனாரின் விரல்கள் அந்தத் திசைகளில் மெல்லப் போகும்.

நாங்கள் இருவரும் அந்தத் தட்டைப் பற்றி அதன் பிறகு பேசியதேயில்லை.

நிழல் விழாத மேடை

மூன்றாவது விளக்கை நான்தான் திட்டமிட்டேன். ஒளி, சமைப்பவரின் முதுகிலிருந்தும் வரக்கூடாது, தலைக்கு மேலிருந்தும் வரக்கூடாது. கைகளுக்கு முன்னாலிருந்து வர வேண்டும். அடுப்புக்கு மேலே இருந்த மர அலமாரியின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டி, மேடையின் நீளத்துக்குப் பட்டை விளக்கு. பல்பு கண்ணில் படாமலிருக்க அதற்கு முன்னால் விரலகல மரச்சட்டம். அதுவும் வெள்ளைவெளேரென்று எரியாமல் சற்று மஞ்சள் கலந்த ஒளி. பக்கச் சுவர்களில் இரண்டு சிறிய விளக்குகள். ஒன்றின் நிழலை மற்றொன்று அழித்துவிடும்.

பாண்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதல்லயே இதைச் செஞ்சிருக்கலாம் டீச்சர்."

"நீங்கதான படம் எதுக்குன்னு கேட்டீங்க?"

"எம்புட்டுப் படிச்சாலும் டீச்சருங்க பழச மறக்க மாட்டீங்க," என்று சொல்லிக்கொண்டே துளைபோடும் இயந்திரத்தை எடுத்தார்.

மழை விட்டிருந்த ஒரு மாலை. இருட்டியதும் விளக்கைப் போட்டேன். மேடை முழுவதும் சீராக வெளிச்சம். என் கையை நீட்டிப் பார்த்தேன், நிழல் இல்லை. கடுகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மேலே கண்ணாடியில் மழைத்துளிகள் நின்றன. அந்தச் சதுரம் இருண்டிருந்தாலும் இப்போது அது எதையும் கெடுக்கவில்லை. முப்பது ஆண்டுப் பாடம் ஒருநாளாவது வீட்டுக்கு உதவியதே என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

"பிரமாதம்," என்றார் அவர். மாவைக் கரைக்கத் தொடங்கினார். நான் சிறிய மேசையில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.

"உப்பு டப்பா எங்க வச்ச?"

நான் நிமிர்ந்தேன். நீல மூடி போட்ட டப்பா அவருடைய இடது கைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அதன்மேல் விளக்கு நேராக விழுந்தது. நிழல் இல்லை, கூச்சம் இல்லை.

அவருடைய கை அதற்கு முன்னால் தடவியது. பின்னால் தடவியது.

"வடக்க இருக்குங்க," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் குரலை நானே கேட்டேன். பூண்டுத் தோல் கையில் ஒட்டிக்கொண்டது.

அவர் கை நின்றது. பிறகு மெதுவாகத் தலை முழுவதையும் இடப்பக்கம் திருப்பி, டப்பாவைப் பார்த்து, எடுத்தார். உப்பைப் போட்டார். கரண்டியால் கலக்கினார். அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு எஸ்தரு."

கையிலிருந்த பூண்டை மேசையில் வைத்தேன்.

"நீ ஒவ்வொரு லைட்டா மாத்தும்போது நானும் பேசாம இருந்துட்டேன். ஒருவேளை லைட்டாவே இருந்துட்டுப் போகட்டுமேன்னு." சற்று நிறுத்தி, "அப்பா மாதிரி இல்லாம, நான் நிலைல இடிக்காமத்தான நடக்குறேன்னு நெனச்சேன். நான் தலையத் திருப்பித் திருப்பி நடக்குறேன், அம்புட்டுத்தான்."

"நாளைக்குப் போவோமா?"

"காலைலயே போவோம். சாப்பிடு மொதல்ல."

அன்றைய தோசையில் உப்புச் சரியாக இருந்தது.

வெள்ளைக் கிண்ணம்

கண் ஆஸ்பத்திரியில் அவரை ஓர் இருட்டறைக்குள் அழைத்துப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். அரைமணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கையில் கொண்டுபோயிருந்த புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பல முறை வாசித்திருப்பேன்.

வெளியே வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"பெரிய வெள்ளைக் கிண்ணம் எஸ்தரு. அதுக்குள்ள மூஞ்சிய வைக்கச் சொன்னாக. பொட்டுப் பொட்டா வெளிச்சம் வரும், வந்தா பொத்தானை அமுக்கணும். நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரல. மிஷின் நின்னுபோச்சோன்னு நெனச்சேன்."

இயந்திரம் நிற்கவில்லை. டாக்டரம்மாதான் சொன்னார். கண்ணின் நீரழுத்தம் கூடியிருக்கிறது, இடப்பக்கப் பார்வை குறுகியிருக்கிறது என்று தாளில் கறுப்பாக இருந்த பகுதியைக் காட்டினார்.

"குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா?"

"எங்கப்பாவுக்கு," என்றார் ஜெயராஜ். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல.

"ஆனா இவங்க பொடி எழுத்துகூட வாசிக்கிறாங்களே டாக்டர்," என்று கேட்டேன். கடைசியாக ஒருமுறை என் ஆதாரத்தை முன்வைத்தேன்.

"வாசிக்கிற பார்வை நடுவுல இருக்கும்மா. ஓரத்துல இருந்துதான் போக ஆரம்பிக்கும். நடு கடைசிலதான் போகும். போனது திரும்பி வராது. இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். விடாம போடணும். உங்க மகளையும் பாக்கச் சொல்லுங்க."

கோடையிலேயே வந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். மூன்று விளக்குகளின் காலம் அது. அதை நான்தான் செலவழித்தேன்.

அந்த ஞாயிறு ஷீபா பேசியபோது நான் முந்திக்கொண்டேன். "நீ எப்பக் கண்ணைக் காட்டப் போற? இந்த வாரமா, அடுத்த வாரமா?"

"இந்த வாரமே போறேம்மா," என்றாள்.

மேலே பார்ப்பது

இரவுச் சமையல் இன்னும் அவருடையதுதான். மேடையில் எல்லாப் பொருள்களையும் வலப்பக்கம், அதாவது தெற்கே, மாற்றி வைத்துவிட்டோம். வடப்பக்கம் காலியாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கிறார். நான் பெஞ்சில் அதே பக்கத்தை வாசிக்கிறேன்.

ஒவ்வொரு மாலையும், ஜெபத்துக்கு முன், சமையலறையில்தான் சொட்டு மருந்து. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான். அவர் கிழக்கே பார்த்து முக்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்ப்பார்.

"மேல பாருங்க."

மேலே கூரைக் கண்ணாடி கறுத்திருக்கும். அதில் விளக்கொளியில் நாங்கள் இருவரும் தலைகீழாகத் தெரிவோம்.

"யாரது மேல, கெழடுக ரெண்டு?"

"ஆடாதீங்க, மருந்து கன்னத்துல போகும்."

சீசாவின் முனையில் துளி திரண்டு விழுவதற்குள் என்னென்னவோ தோன்றும். எனக்கு வசதியான இடம் அவருடைய இடப்பக்கம், ஆகவே அங்கேதான் நின்று போடுவேன். போன வாரம் ஒருநாள் துளி விழுவதற்கு முன்பே அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வடக்க நிக்காத எஸ்தரு. தெக்க வா. உன்னையப் பாக்கணும்ல?"

நான் முக்காலியைச் சுற்றித் தெற்கே வந்து நின்றேன்.